கொடுவாத் தலையும் ஒரு முழக் கட்டையும்

எனக்கு எண்பத்தாறு வயது. பெற்றது ஒன்பது, வளர்த்து ஆளாக்கியது ஆறு. எழுபது வயதில்தான் எழுத்துக் கற்றேன். ஊருக்கு வந்து சொல்லிக்கொடுத்த பெண்பிள்ளைகள் என் கையைப் பிடித்து எழுத வைத்தார்கள். இப்போது யாரும் பிடிக்க வேண்டாம். ஆனாலும் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். அவசரப்பட மாட்டேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. போன மாதம் பேத்திக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா, அறந்தாங்கிக்காரர், மீன் குழம்பை ஊற்றும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்த வீட்டு மீனை நம்பிச் சாப்பிடலாமா? அந்தக் காலத்துல தொரை புடிச்ச மீனையே அமுக்கிக் கொழம்பு வச்ச வீடாமே!"

எல்லாரும் சிரித்தார்கள். என் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட வந்தவர்களிடம் சண்டைக்குப் போவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் திருடர் இல்லை. அவர் போய் இருபது வருஷம் ஆகிறது. அவர் சார்பில் பேச இனி நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் இன்னொரு தடவை வருவார்கள். அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று நோட்டை எடுத்தேன்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது மணமேல்குடிக்குத் தெற்கே, கடற்கரையில். அப்போது எங்கள் கரை தஞ்சாவூர் ஜில்லாவில் சேர்ந்தது. எங்கள் கடலைப் பெண்கடல் என்பார்கள். அலை அடிக்காது. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு ஆறு கடலில் விழும். அந்த முகத்துவாரத்தில் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடத்தில் கொடுவா மீன் நிற்கும். பெரிய வாய், வெள்ளிச் செதில், தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்கு மேலே எகிறி விழும். அதைப் பார்த்துத்தான் துரைமார் வந்தார்கள்.

அவர்களுடையது தூண்டில் கிளப்பு. நாலைந்து வெள்ளைக்காரத் துரைகள், புதுக்கோட்டை வக்கீல் ஒருவர், இன்னும் இரண்டொரு பண்ணைக்காரர்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை, சனிக்கிழமை ரயிலில் அறந்தாங்கியில் இறங்கி மோட்டாரில் வருவார்கள். சவுக்குத் தோப்பில் கூடாரம். பிழைப்புக்காக இல்லாமல் மீன் பிடிக்கிற ஆட்களை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. "வீட்டுல பொண்டாட்டி வையிறாளோ என்னமோ, இங்கிட்டு வந்து வெயில்ல ஒக்காந்துருக்காக" என்று என் ஓரகத்தி சொல்வாள். ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. ஊரில் அவள் வாய்க்கு எல்லாரும் பயம்.

கிளப்பு வந்த இரண்டாம் வருஷம் சர்க்கார் உத்தரவு ஒன்று வந்தது. குஞ்சு மீனெல்லாம் அழிந்துபோகிறது, அதனால் கார்த்திகை முதல் மாசி வரை முகத்துவாரத்துக்குள் வலை போடக் கூடாது என்று. வெளியே கடலில் போட்டுக்கொள்ளலாம். உள்ளே பத்து வத்தைகளுக்கு மட்டும் அனுமதி. வத்தை என்பது எங்கள் சின்னப் படகு. அந்தப் பத்துக்கும் ஆளுக்கொரு தகர வில்லை கொடுத்து முன்பக்கப் பலகையில் ஆணி அடித்தார்கள். கிளப்பு சொல்லித்தான் உத்தரவு வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் குஞ்சு அழிந்ததும் பொய் இல்லை. சேற்று வலையில் விரல் நீளக் குஞ்சுகளைக் கூடை கூடையாக அள்ளி, தென்னைக்கு உரமாகப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளதைச் சொல்லவேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு வில்லை கிடைத்தது என்னால். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. துரைமாருக்குத் தூண்டிலில் கோர்க்க உயிர் இறால் வேண்டும். வலையில் வந்த இறால் நசுங்கிச் செத்துப்போகும். நான் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றில் இரண்டு கையாலும் தடவி, ஒவ்வொன்றாகப் பிடித்து, இடுப்பில் கட்டிய ஓலைக் கூடையில், அதாவது பறியில் போடுவேன். கிளப்புக்குக் கணக்கு எழுதுகிற ரைட்டர் முதலில் பானைத் தண்ணீரில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அரைமணியில் எல்லாம் வெளுத்து மிதந்தது. நான் கடலுக்கடியில் முளைக்கிற கடல்தாழைப் புல்லை நனைத்துப் பறியில் அடுக்கி அதற்கு நடுவில் இறாலை வைத்துக் கொண்டுபோனேன். மத்தியானம் வரை துள்ளியது. கிளப்புக்குத் தலைவரான பெரிய துரை அதைப் பார்த்துவிட்டு, "இவள் புருஷனுக்கு வில்லை கொடு" என்றாராம். அதிலிருந்து பெரிய துரை எங்கள் வத்தையில்தான் போவார். ரைட்டருக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. பானை யோசனை அவருடையது.

வில்லையோடு ஒரு மரக்கட்டையும் கொடுத்தார்கள். பனஞ்சிராயில் செதுக்கியது, ஒரு முழ நீளம். ரைட்டர் ஊர்க் கூட்டத்தில் நின்று உத்தரவைப் படித்தார்.

"கொடுவா மீன் இந்தக் கட்டையின் நீளத்துக்குக் குறைந்தால் உயிரோடு திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். தவறினால் வில்லை பறிக்கப்படும்."

சரி என்று கட்டையை வாங்கிக்கொண்டு வந்தோம். எங்கிருந்து எதுவரை அளப்பது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மீனை அளக்கத் தெரியாத ஊரா எங்கள் ஊர்?

எங்கள் அளவு இப்படி. பெரிய மீனை வியாபாரி எடுக்கும்போது தலையை எடுக்கமாட்டார். தலை பிடித்தவன் வீட்டுக் குழம்புக்கு. அண்ணன் தம்பி இருந்தால் முறை வைத்து ஒரு தடவை ஒரு வீட்டுக்கு, மறு தடவை மறு வீட்டுக்கு. வால் தகடும் கணக்கில்லை, அதில் தின்ன என்ன இருக்கிறது? செவுள் முடிகிற இடத்திலிருந்து வால் தொடங்குகிற இடம் வரைதான் மீன். ஒரு முழ மீன் என்றால் எங்களுக்கு அதுதான் ஒரு முழம்.

அந்த வருஷம் முழுக்க முகத்துவாரத்தில் பத்து வத்தைக்காரர்களும் கட்டையைச் செவுளில் வைத்து வாலடி வரை அளந்து, குறைந்ததையெல்லாம் தண்ணீரில் விட்டார்கள். நல்ல நல்ல மீன். விடும்போது வயிறு எரியும். "இந்தத் தொரைமாருக்கு யானைக்குட்டி அளவு இருந்தாத்தான் மீனு" என்று ஓரகத்தி ஏசுவாள். ரைட்டர் எத்தனையோ நாள் திடீரென்று வந்து கூடையைக் கொட்டிப் பார்த்தார். குறைந்த மீன் ஒன்றுகூடச் சிக்கவில்லை. இவ்வளவு ஒழுங்கான ஊரை நான் பார்த்ததில்லை என்று மேலே எழுதிப் போட்டாராம்.

மாசியில் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போட்டி. அன்று பெரிய கொடுவா பிடிப்பவருக்கு வெள்ளிக் கோப்பை. விடிந்ததும் எல்லாரும் முகத்துவாரத்தில் இறங்கினார்கள். நான் பறி நிறைய இறால் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வத்தையில் நடந்ததை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அவர் ஒன்று கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார்.

பெரிய துரைக்கு ஒரு கொடுவா மாட்டியது. அரைமணி இழுத்தது. கயிறு துரையின் கட்டைவிரலை அறுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் மீனைத் தூக்கி வத்தைக்குள் போட்டு, உதட்டிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றினார். துரை அந்தப் பக்கம் திரும்பிக் குனிந்து கடல் தண்ணீரில் விரலைக் கழுவிக்கொண்டிருந்தார். கிளப்புக்காரர்கள் தங்கள் மீனைத் தாங்களேதான் அளப்பார்கள், மற்ற நாளில் துரையும் அப்படித்தான். அன்றைக்குக் கையில் ரத்தம். 'என் கை ஒழியாவிட்டால் நீயே அளந்துவிடு, தாமதிக்காதே, என்னைக் கேட்காதே, நேரம் ஆனால் மீன் செத்துவிடும்' என்று முன்பே பல தடவை சொல்லி வைத்தவரும் அவர்தான். இவர் கட்டையைச் செவுளில் வைத்தார். வாலடியில் இரண்டு விரல் குறைந்தது. தண்ணீரில் விட்டுவிட்டார்.

துரை திரும்பினார். தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"மீன் எங்கே?"

"விட்டுட்டேங்க."

"என்ன?"

"ரெண்டு வெரக்கடை கொறைச்சலுங்க. கட்டைக்கு வரலை."

துரையின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. கரைக்குப் போ என்று கையைக் காட்டினார். அதற்கப்புறம் அவர் தூண்டிலைத் தொடவில்லை. வக்கீலுக்கு ஒரு கொடுவா கிடைத்து, கூடாரத்துக்கு முன்னால் கம்பில் தொங்கியது. பெரிய துரைக்கு மாட்டியதைவிட அது சின்னது என்று துரைக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

ரைட்டருக்கு இது போதாதா? அவ்வளவு பெரிய மீனை எந்தக் கிறுக்கன் விடுவான், இவன் ஒளித்து வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டான் என்று அவரே முடிவு கட்டினார். வத்தையின் முன்பலகையில் இருந்த தகர வில்லையை அங்கேயே பிடுங்கிக்கொண்டார். பிறகு இரண்டு ஆளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

வில்லை போனால் என்ன என்று இப்போது கேட்பார்கள். எங்கள் வத்தை சின்னது, வெளிக்கடலுக்குத் தாங்காது. முகத்துவாரம் இல்லாவிட்டால் வருஷத்தில் நாலு மாதம் அவர் அடுத்தவன் வத்தையில் கூலிக்கு ஏறவேண்டும். அதுவும் திருட்டுப் பட்டத்தோடு. யார் ஏற்றுவார்கள்? அப்போது என் வயிற்றில் மூத்தது ஐந்து மாதம்.

நான் அடுப்படியில் இருந்தேன். ரைட்டர் வாசலில் கிடந்த பறியைக் காலால் தட்டிக் கவிழ்த்தார். கடல்தாழையும் மிச்ச இறாலும் விழுந்தன.

"மீனு எங்கம்மா?"

"எந்த மீனுங்க?"

அவர் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தார். நேரே அடுப்படிக்கு வந்து சட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே புளிக்குழம்பில் கொடுவாத் தலை. பெரிய தலை. இரண்டாகப் பிளந்து போட்டிருந்தேன்.

"தலை இங்க இருக்கு. ஒடம்பு எங்க?" என்று கத்தினார். கூட வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தெருவே கூடிவிட்டது.

அந்தத் தலை வந்த வழி எனக்குத் தெரியும். விடியக்காலையில் என் வீட்டுக்காரரின் அண்ணன் வெளிக்கடலில் வலையில் பிடித்த மீன். உடம்பை அறந்தாங்கி வியாபாரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தலை அந்தத் தடவை எங்கள் வீட்டு முறை. இதை என் வீட்டுக்காரர் சொன்னார், அண்ணன் சொன்னார், ஓரகத்தி தொண்டை கிழியச் சொன்னாள்.

"ஏங்க ரைட்டரய்யா, நேத்து எங்க வீட்டுல கருவாடு. அதையும் ஒங்க தொரைதான் காயப்போட்டாரா?"

ரைட்டர் கேட்கவில்லை. "வியாபாரியக் கூப்பிடு, சொல்லட்டும்" என்றார். வியாபாரி அப்போது பத்து மைலுக்கு அந்தப் பக்கம்.

நான் யோசித்தேன். யோசித்தேன் என்றால் நெடுநேரம் இல்லை, ஒரு அகப்பை குழம்பைக் கிண்டுகிற நேரம். தூண்டிலில் மாட்டிய மீனுக்கு உதட்டில் ஓட்டை இருக்கும். அரைமணி இழுத்த மீனுக்குக் கிழிசலே இருக்கும். வலை மீனுக்கு உதடு முழுசாக இருக்கும். இது ரைட்டருக்குத் தெரியாது. தூண்டில் பிடித்த துரைக்குத் தெரியும்.

சட்டியை இறக்கினேன். தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் சட்டியைத் தூக்கி வைத்தேன். கட்டையை இடுப்பில் செருகினேன்.

"எங்கிட்டுப் போற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தொரைகிட்ட."

"வேணாம் புள்ள. வயித்துப்புள்ளக்காரி. வம்பு வேணாம்."

"நீங்களும் வாங்க. அளக்க ஆள் வேணும்."

கூடாரம் அரை மைல். மணல் சுட்டது, சட்டியும் சுட்டது. பின்னால் ஊர் வந்தது. ரைட்டர் எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் சேர முயன்றார், மணலில் செருப்பு புதைந்து புதைந்து என் பின்னால்தான் வந்தார்.

துரை நாற்காலியில் விரலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வக்கீல். நான் சட்டியைத் துரையின் காலடியில் வைத்து மூடியைத் திறந்தேன். வக்கீலைப் பார்த்துச் சொன்னேன்.

"அய்யா, ரைட்டர் இதத் தொரை புடிச்ச மீனுங்கிறாரு. தொரையவே ஒதட்டப் பாக்கச் சொல்லுங்க. முள்ளு குத்துன எடம் இருந்தா எங்க வத்தைய நாங்களே ஒடைச்சுப் போடுறோம்."

வக்கீல் இங்கிலீசில் சொன்னார். துரை என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். பிறகு நல்ல கை விரலைக் குழம்புக்குள் விட்டார். சுட்டது, எடுத்துவிட்டார். மறுபடி விட்டார். ஒரு பாதித் தலையைத் தூக்கி உதட்டோரம் முழுவதும் தடவினார். அதை வைத்துவிட்டு அடுத்த பாதியை எடுத்தார். இரண்டு பாதியிலும் உதடு முழுசு. ஒரு கீறல் இல்லை.

துரை தலையை ஆட்டினார். விரலை வாயில் வைத்துச் சூப்பிவிட்டுத் தண்ணீர் கேட்டார். குழம்பில் காரம் கொஞ்சம் தூக்கல்தான்.

"சோறும் கொண்டாந்துருந்தா சாப்புட்டுட்டு மத்ததப் பேசியிருக்கலாம்" என்றார் வக்கீல்.

ரைட்டர் விடவில்லை. "அப்படின்னா அந்த மீன ஏன் விட்டான்? கட்டைக்கு மேல அரை முழம் இருந்துச்சுன்னு தொரையே சொல்றாரு. இவுககிட்ட லஞ்சம் வாங்கிட்டு விட்டானா?" என்று வக்கீலையே கையைக் காட்டிவிட்டார். வக்கீலுக்குச் சிரிப்பு நின்றது.

நான் இடுப்பிலிருந்து கட்டையை எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "அந்தக் கம்புல தொங்குற மீன அளங்க" என்றேன்.

அவர் வக்கீலின் மீனை இறக்கி மணலில் கிடத்தினார். கட்டையின் ஒரு முனையைச் செவுளில் வைத்தார். மறுமுனை வாலடியைத் தாண்டி நாலு விரல் நீண்டுகொண்டு நின்றது.

"இதுவும் விடுற மீனுதாங்க" என்றார்.

துரை எழுந்து வந்து மண்டியிட்டார். கட்டையை வாங்கி மீனின் மூக்கு நுனியில் வைத்தார். வாலின் கடைசி முனை வரைக்கும் கையால் காட்டினார். கட்டை முடிந்த பிறகும் மீன் கால் முழம் இருந்தது.

"தலையுமா?" என்றார் என் வீட்டுக்காரர். "வாலுமா?"

வக்கீல் துரையிடம் கேட்டார். துரை ஆமாம் என்றார். பிறகு துரை ஒரு கேள்வி கேட்டார், வக்கீல் அதைச் சொன்னார்.

"நீ மட்டும் இப்படி அளக்குறியா, ஊரேவா?"

"ஊரேதாங்க. வேற எப்படி அளக்குறது?"

"கார்த்திகையிலருந்தா?"

"ஆமாங்க."

துரை தொப்பியைக் கழற்றி மணலில் வைத்தார். நெடுநேரம் ரைட்டரையே பார்த்தார். பிறகு என்னவோ சொன்னார். வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"நாலு மாசமா நீங்க தண்ணியில விட்டதுல பாதிக்கு மேல சட்டப்படி ஒங்க மீனுதானாம்."

கூட்டத்திலிருந்து ஓரகத்தி குரல் வந்தது.

"அப்ப அதத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க!"

அதைத் துரைக்குச் சொல்லவேண்டாம் என்று வக்கீல் நினைத்தார் போல. துரை கேட்டு வாங்கினார். கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கூடாரத்துக் காக்கையெல்லாம் பறந்தது.

கோப்பை வக்கீலுக்குத்தான் போனது. விட்ட மீனுக்குக் கோப்பை கிடையாதாம். வில்லையை ரைட்டரே கொண்டுவந்து திரும்ப அடிக்கவேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ரைட்டர் வந்தார். ஆணியைக் கோணலாகப் பிடித்துக்கொண்டு சுத்தியலை ஓங்கினார். என் வீட்டுக்காரர் அவர் கையிலிருந்து சுத்தியலை வாங்கித் தானே அடித்துக்கொண்டார். "விடுங்கய்யா, வெரல்ல பட்டுரும்" என்றார். அவர் அப்படித்தான். நானாக இருந்தால் அடிக்கவிட்டுப் பார்த்திருப்பேன்.

அடுத்த கார்த்திகைக்குப் புதுக் கட்டை கொடுத்து, புதுப் பலகையும் எழுதி வைத்தார்கள். பலகையில் ஒரு மீன் படம், மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரு கோடு. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரிந்தது. துரை அளவுப்படி பார்த்தால் முன்பு விட்ட அளவு மீனில் நிறைய இனி வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஊருக்குச் சந்தோஷம். அந்த வருஷம் கொடுவா கொழுத்து வந்தது. நாம் விட்டதுதான் வளர்ந்து வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிறகு ஜெர்மன் சண்டை வந்தது. துரைமார் வரவில்லை. கூடாரம் போட்ட இடத்தில் சவுக்கை வெட்டிவிட்டார்கள். அளக்கச் சொல்ல ஆள் இல்லை, யாரும் அளக்கவில்லை.

பழைய கட்டை எங்கள் வீட்டிலேயே தங்கியது. ஒரு முழ நீளம், வழுவழுப்பு. தொட்டில் சேலையை விரித்துப் பிடிக்க அதைவிட நல்ல கட்டை கிடைக்காது. ஆடி மாதம் மூத்தவன் பிறந்ததும் அதைத்தான் மாட்டினேன். ஒன்பது பேரும் அதற்குக் கீழேதான் கிடந்தார்கள்.

ரைட்டர் பிறகு அறந்தாங்கிக்கு மாற்றலாகிப் போனார். அவர் அங்கே காபிக் கடையில் இந்தக் கதையைச் சொல்வாராம். சட்டி மூடியைத் திறந்தது வரைக்கும் சொல்வாராம். 'தலை இங்கே, உடம்பு எங்கே' என்றதோடு நிறுத்திக்கொள்வாராம். அதுதான் அறுபது எழுபது வருஷம் கழித்து எங்கள் வீட்டுப் பந்தியில் வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் காதில் விழுந்தது பாதி. மீதி இந்த நோட்டில் இருக்கிறது.

இதோ, பரிசம் போட்ட பேத்தியே பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். "அப்பத்தா, முடிச்சாச்சா?" என்கிறாள். முடித்தாகிவிட்டது. அவர்கள் வியாழக்கிழமை வருகிறார்கள். சாப்பாடு போடுவதற்கு முன்னால் நீதான் வாசிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் கொடுவாத் தலைக் குழம்புதான். நானே வைக்கிறேன், காரம் குறையாமல்.

தலை நம் வீட்டுச் சட்டியில் இருந்தது என்பதை முழுங்காமல் வாசி, ஆத்தா. துரை இரண்டு பாதியையும் தூக்கிப் பார்த்த இடத்தில் மட்டும் சத்தம் கூடட்டும். எங்கே, முதல் வரியிலிருந்து ஒரு தடவை எனக்கு வாசித்துக் காட்டு. தப்பு இருந்தால் வியாழக்கிழமைக்குள் திருத்திவிடுகிறேன்.